யார் பக்கத்தில் யார்?

பெல்லாரி கலெக்டராக இருந்த ஏ. டி. கேம்பல் 1823 ஆகஸ்டில் சென்னை அரசுக்கு ஓர் அறிக்கை அனுப்பினார். தம் மாவட்டத்து ஊர்ப் பள்ளிக்கூடங்களில் ஒரு நாள் எப்படிப் போகிறது என்பதை அதில் கூர்ந்து பார்த்து எழுதியிருந்தார். காலை ஆறு மணிக்குப் பள்ளி கூடும். முதலில் வந்து சேரும் பிள்ளையின் உள்ளங்கையில் சரஸ்வதியின் பெயரை எழுதுவார்கள், அது மரியாதை. இரண்டாவதாக வருபவன் கையில் ஒரு சுழி மட்டும். புகழும் இல்லை, ஏச்சும் இல்லை. மூன்றாமவனுக்கு மெதுவாக ஓர் அடி, நான்காமவனுக்கு இரண்டு, அப்புறம் வருகிறவர்களுக்கு ஒவ்வொன்றாகக் கூடிக்கொண்டே போகும். எல்லாரும் வந்து சேர்ந்த பிறகு பிள்ளைகளைப் பிரித்து உட்கார வைப்பார்கள். பெரும்பாலும் நான்கு வகுப்பு. கீழ் வகுப்புகளை மூத்த மாணவர்கள் பார்த்துக்கொள்வார்கள். மேல் வகுப்புகள் வாத்தியாரின் நேர்ப்பார்வையில் இருக்கும். எவன் எப்போது தேறுகிறானோ அப்போது அவன் அடுத்த வகுப்புக்குப் போவான்.

அந்தப் பிரிப்பில் வயதுக்கு இடமில்லை. எந்த ஆண்டு சேர்ந்தான் என்பதற்கும் இடமில்லை. எவ்வளவு தெரியும் என்பது ஒன்றுதான் அளவு.

இன்று ஜூன் மாதம் பள்ளி திறக்கும் நாளில், அறிவிப்புப் பலகையில் ஒட்டியிருக்கும் பட்டியலில் தன் பிள்ளை ‘ஏ’ பிரிவா ‘பி’ பிரிவா என்று தேடும் தாய்க்கு, அந்தப் பிரிவை யார், எதை வைத்து முடிவு செய்தார்கள் என்பது பெரும்பாலும் தெரியாது. தொடக்கப் பள்ளியில் எந்தப் பிள்ளை எந்த அறையில், யார் பக்கத்தில் உட்காருவது என்பதைத் தீர்மானிக்கும் அளவுகோல் கடந்த இருநூறு ஆண்டுகளில் பலமுறை மாறியிருக்கிறது. கற்ற அளவு, சாதி, தேர்வு, வயது, மொழி எல்லாம் வெவ்வேறு காலத்தில் அந்த வேலையைச் செய்திருக்கின்றன. இவற்றில் எது பிள்ளைக்கு நல்லது செய்தது, எது கெடுதல் செய்தது என்று பார்க்க வேண்டுமானால் ஒரு கேள்வி போதும்: ஓரிடத்தில் வைக்கப்பட்ட பிள்ளையால் அங்கிருந்து நகர முடிந்ததா?

தமிழ்நாட்டுத் திண்ணைப் பள்ளிகளில் நகர்வது என்றால் சுவடியை முடிப்பது. பிள்ளை முதலில் மணலில் விரலால் எழுத்துப் பழகும். கை பழகியதும் ஓலையும் எழுத்தாணியும் வரும். அரிச்சுவடி முடிந்தால் ஆத்திசூடி, கொன்றை வேந்தன். கணக்கில் பொன்னிலக்கம், நெல்லிலக்கம், எண்சுவடி. ஒவ்வொரு பிள்ளையும் தன் சுவடியைத் தன் வேகத்தில் ஏற்றியது. ஒரே திண்ணையில் ஒருவன் அகரம் எழுதிக்கொண்டிருப்பான், பக்கத்தில் இன்னொருவன் குழிமாற்று ஒப்பித்துக்கொண்டிருப்பான். இவர்களையெல்லாம் ஒரே வாத்தியார் எப்படிச் சமாளித்தார் என்பதற்கு விடை சட்டாம்பிள்ளை. உ. வே. சாமிநாதையர் ‘என் சரித்திரம்’ நூலில் தம் காலத்துத் திண்ணைப் பள்ளியை விவரிக்கும்போது இந்தச் சட்டாம்பிள்ளையையும் அவனுக்கு இருந்த அதிகாரத்தையும் சொல்கிறார். பாடம் கேட்பது, கீழே இருப்பவர்களுக்குச் சொல்லித்தருவது, ஒழுங்கைக் காப்பது எல்லாம் அவன் பொறுப்பு. முன்னால் போனவன் பின்னால் வருபவனைக் கைபிடித்துக் கூட்டிப்போக வேண்டும் என்பது அந்தப் பள்ளியின் ஏற்பாடு.

இந்தப் பள்ளிகளைப் பற்றி இவ்வளவு தெரிவதற்குக் காரணம் சென்னை கவர்னர் தாமஸ் மன்றோ. 1822இல் எல்லா மாவட்டக் கலெக்டர்களிடமும் பள்ளிக் கணக்கு கேட்டார். 1826இல் வந்து சேர்ந்த தொகை: 12,498 பள்ளிகள், 1,88,650 பிள்ளைகள். பல பத்தாண்டுகள் காப்பகத்தில் கிடந்த அந்த ஆவணங்களைத் தரம்பால் 1983இல் நூலாக வெளியிட்டபோது, திண்ணைப் பள்ளியில் பிராமணப் பிள்ளைகள் மட்டும் படித்தார்கள் என்ற எண்ணம் உடைந்தது. தென்னார்க்காட்டில் பள்ளிப் பிள்ளைகளில் பிராமணரும் வைசியரும் சேர்ந்தே சுமார் 13 விழுக்காடுதான். சூத்திரர் என்றும் பிற சாதியார் என்றும் எழுதப்பட்டவர்கள் 84 விழுக்காட்டுக்கு மேல். ஆனால் அதே கணக்கைத் திருப்பிப் பார்த்தால் வேறொன்று தெரியும். மாகாணம் முழுதும் படித்த பெண் பிள்ளைகள் 4,540 பேர்தான். சேரிப் பிள்ளைகளுக்கு அந்தப் படிவத்தில் தனிப் பத்தியே இல்லை. திண்ணைக்கு வந்து சேர்ந்த பிள்ளை எளிதாக நகர முடிந்தது; திண்ணையில் ஏறவே விடாமல் நிறுத்தப்பட்டவர்களின் எண்ணிக்கை எந்தப் பத்தியிலும் எழுதப்படவில்லை.

இந்தத் திண்ணை முறை கடல் தாண்டிப் போனது. போன வழி எழும்பூர்.

ஸ்காட்லாந்தின் செயின்ட் ஆண்ட்ரூஸ் ஊர்க்காரரான ஆண்ட்ரூ பெல், 1787இல் சென்னை வந்த பாதிரியார். 1789இல் எழும்பூரில் இராணுவ ஆண் அநாதை விடுதி தொடங்கப்பட்டபோது அதன் மேற்பார்வையாளர் ஆனார். ஆங்கிலேயச் சிப்பாய்களுக்கும் இந்தியத் தாய்மாருக்கும் பிறந்த பிள்ளைகளே அங்கே பெரும்பாலும் இருந்தார்கள். குறைந்த சம்பளத்துக்குக் கிடைத்த ஆசிரியர்கள் பெல்லுக்குத் திருப்தி தரவில்லை. ஒரு நாள் குதிரையில் போகும்போது ஊர்ப் பள்ளிக்கூடம் ஒன்றில் பிள்ளைகள் மணலில் விரலால் எழுதுவதைப் பார்த்தார். தம் பள்ளியிலும் அப்படிச் செய்யச் சொன்னார். ஆசிரியர்கள் முகம் கொடுக்கவில்லை. அப்போது அவர் ஒரு முடிவு எடுத்தார். ஜான் ஃப்ரிஸ்கன் என்ற எட்டு வயதுச் சிறுவனை, சாதாரண சிப்பாயின் மகனை, அரிச்சுவடி வகுப்புக்கு ஆசிரியனாக்கினார். பெரியவர்கள் முடியாது என்றதை அந்தச் சிறுவன் செய்து காட்டினான். பிறகு வகுப்பு வகுப்பாகச் சிறுவர்களே ஆசிரியர்கள் ஆனார்கள்.

பெல் இதில் சேர்த்தது கறாரான ஓர் ஒழுங்கு. சமமாகத் தெரிந்தவர்கள் ஒரே வகுப்பில். வகுப்புக்குள் ஒவ்வொருவனுக்கும் ஓரிடம். நன்றாகச் சொன்னால் ஒரு படி முன்னால், தவறினால் பின்னால். இடம் அன்றாடம் மாறும். சில நாள் தொடர்ந்து முதலிடத்தில் இருப்பவன் மேல் வகுப்புக்குப் போவான். அங்கே ஈடுகொடுக்க முடியாவிட்டால் திரும்பி வருவான். பிள்ளை தன் மட்டத்தைத் தானே கண்டுகொள்ளும் என்பது அவர் நம்பிக்கை. 1796இல் ஊர் திரும்பினார். மறு ஆண்டு லண்டனில் அவர் வெளியிட்ட சிறு நூலின் தலைப்பிலேயே சென்னை இருந்தது. ‘மெட்ராஸ் சிஸ்டம்’ என்று பிரிட்டன் முழுக்க அந்த முறைக்குப் பெயர் வந்தது. ஜோசப் லங்காஸ்டர் தம் வழியில் அதேபோன்ற ஒன்றை நடத்தினார். யார் முதலில் கண்டது என்று இருவர் தரப்பும் பல ஆண்டுகள் சண்டை போட்டன. பெல் 1832இல் இறந்தபோது சுமார் 12,000 பள்ளிகள் அவர் முறையில் நடந்தன. அவர் உடல் வெஸ்ட்மின்ஸ்டர் அபேயில் இருக்கிறது. அவர் பணத்தில் செயின்ட் ஆண்ட்ரூஸில் 1833இல் திறந்த பள்ளிக்கு ‘மெட்ராஸ் காலேஜ்’ என்றே பெயர், இன்றும் நடக்கிறது. மணலில் எழுதிய அந்தத் தமிழ்ப் பிள்ளைகளின் பெயர் எங்கும் இல்லை. தம் அறிக்கையில் கேம்பல், இங்கிலாந்து இந்த முறையை எடுத்துக்கொண்டது சரியே என்று ஒப்புக்கொண்டு எழுதியிருப்பதை இங்கே நினைத்துக்கொள்ளலாம்.

பிரிட்டனில் அந்த முறை நீண்ட நாள் நிற்கவில்லை. நூற்றுக்கணக்கான பிள்ளைகளை ஒரே கூடத்தில் அடைத்து, பாதி தெரிந்த சிறுவனிடம் ஒப்படைத்ததில் படிப்பு மெலிந்தது. 1846க்குப் பிறகு பயிற்சி பெற்ற மாணவ ஆசிரியர்கள் வந்தார்கள். 1862இல் வந்த திருத்திய விதித்தொகுப்பு வகுப்பறையின் உருவத்தையே மாற்றியது. வாசிப்பு, எழுத்து, கணக்கு மூன்றிலும் ஒன்று முதல் ஆறு வரை படிநிலைகள் வகுக்கப்பட்டன. ஆண்டுக்கு ஒருமுறை இன்ஸ்பெக்டர் வந்து ஒவ்வொரு பிள்ளையையும் சோதிப்பார். தேறிய தலைகளுக்கு ஏற்பப் பள்ளிக்குப் பணம். அமெரிக்காவின் பாஸ்டனில் 1848 வாக்கில் குவின்சி பள்ளி, ஆசிரியருக்கு ஓர் அறை, அறைக்கு ஒரு வகுப்பு என்று கட்டப்பட்டது. இன்று உலகம் முழுதும் பள்ளி என்றால் கண்ணில் வரும் உருவம் அதுதான்: நீண்ட தாழ்வாரம், வரிசையாக அறைகள், ஒவ்வொரு கதவிலும் ஓர் எண்.

சென்னை மாகாணத்துக்கும் அந்தத் தேர்வுப் பணம் 1860களின் பிற்பகுதியில் வந்தது. திண்ணைப் பள்ளி வாத்தியார்கள் பலர் அதற்குள் இழுக்கப்பட்டார்கள். அதுவரை ஊராரிடம் நெல்லும் காசும் வாங்கி, பிள்ளை முடித்த சுவடியைக் காட்டிப் பிழைத்தவர், இப்போது இன்ஸ்பெக்டர் வரும் நாளுக்காகப் பிள்ளைகளை வகுப்பு எண்ணில் அடுக்க வேண்டியதாயிற்று. பிள்ளை தயாரான நாளில் நகர்ந்த முறை போய், ஆண்டுக்கு ஒரு நாள் மட்டும் நகரலாம் என்ற முறை வந்தது. தேர்வுப் பணம் இருபதாம் நூற்றாண்டுத் தொடக்கத்தில் கைவிடப்பட்டது. ஆண்டுக்கு ஒரு வகுப்பு என்ற பழக்கம் மட்டும் நிலைத்துவிட்டது.

அரசுப் பணம் வந்ததும், அதுவரை திண்ணைக்கு வெளியே நின்றவர்கள் கதவைத் தட்டினார்கள். அங்கே வகுப்பறைப் பிரிப்பின் மிகக் கொடிய அளவுகோல் நின்றது. அந்தப் பணம் வருவதற்கு முன்பே, பின்னால் சென்னைக் கிறித்தவக் கல்லூரியாக வளர்ந்த பள்ளியை 1837இல் தொடங்கிய ஜான் ஆண்டர்சன், அடுத்த ஆண்டே இதைச் சந்தித்தார். ஒடுக்கப்பட்ட சாதிச் சிறுவர்கள் சேர்ந்திருப்பது தெரிந்ததும் மற்றவர்களின் பெற்றோர் அவர்களை நீக்கச் சொன்னார்கள். ஆண்டர்சன் மறுத்தார். பல மாணவர்கள் விலகிப் போனார்கள். பள்ளி சரிந்துவிடும் என்று தெரிந்தும் அவர் அசையவில்லை.

அப்படி எல்லாரும் நிற்கவில்லை. பின்னாளில் ஒடுக்கப்பட்டோர் தலைவரான இரட்டைமலை சீனிவாசன் 1939இல் வெளியிட்ட தம் ‘ஜீவிய சரித்திர சுருக்க’த்தில் கோயம்புத்தூரில் படித்த காலத்தைச் சில வரிகளில் சொல்கிறார். சுமார் 400 பிள்ளைகளில் பத்துப் பேர் தவிர மற்ற எல்லாரும் பிராமணர்கள். பழகினால் சாதி தெரிந்துவிடும் என்று அஞ்சி, பள்ளிக்கு வெளியே எங்காவது உட்கார்ந்து படித்துக்கொண்டிருப்பார். மணி அடித்த பிறகுதான் உள்ளே போவார். வகுப்பு விட்டதும் யாரும் பேச்சுக் கொடுக்கும் முன் வேகமாக வீட்டுக்கு நடந்துவிடுவார். வட்டமேசை மாநாட்டில் அம்பேத்கருடன் அமர்ந்த மனிதர், பள்ளிப் பருவத்தில் பக்கத்தில் இருந்தவனோடு விளையாட முடியாமல் போனதை முதுமையிலும் மறக்கவில்லை. பட்டியலில் பெயர் இருந்தது. அறையில் இடமும் இருந்தது. அந்த இடத்தில் நிம்மதியாக உட்காரத்தான் வழி இல்லை.

பொதுப் பள்ளியில் சேர்க்க மறுப்பு வலுவாக இருந்ததால் தனிப் பள்ளிகள் எழுந்தன. செங்கல்பட்டு கலெக்டர் ட்ரெமன்ஹீரின் அறிக்கையை ஒட்டி 1893இல் சென்னை அரசு, அன்று பஞ்சமர் எனப்பட்டவர்களின் கல்விக்கான சலுகைகளை ஆணையாக்கியது. 1894இல் கர்னல் ஆல்காட் அடையாறில் இலவசப் பள்ளி தொடங்கினார். 1919இல் லேபர் கமிஷனர் பதவி உருவானதும் அந்தத் துறையின் கீழ் ஊர் ஊராக ‘லேபர் ஸ்கூல்’கள் வந்தன, அவையே இன்றைய ஆதிதிராவிடர் நலப் பள்ளிகளின் மூலம். மதுரை, தேனிப் பக்கம் கள்ளர் சீரமைப்புப் பள்ளிகள் வந்தன. இந்தப் பள்ளிகளால் முதல் தலைமுறை எழுத்தறிந்தது. அந்தக் கடனைக் குறைத்துச் சொல்லக் கூடாது. ஆனால் வேறு எங்கும் இடம் கிடைக்காததால் தந்த தனி அறை, நூறாண்டு கழிந்தும் தனி அறையாகவே இருந்தது. இவற்றையெல்லாம் பள்ளிக் கல்வித் துறையின் கீழ் கொண்டுவருவோம் என்று தமிழ்நாடு அரசு நிதிநிலை அறிக்கையில் சொன்னது 2023இல்தான்.

யாழ்ப்பாணத்தில் சண்டை பெஞ்சைப் பற்றியே நடந்தது. அரசு நிதி பெறும் மிஷன் பள்ளிகளில் ஒடுக்கப்பட்ட சாதிப் பிள்ளைகள் சேர்க்கப்பட்டார்கள். ஆனால் தரையிலோ, தனியாகவோ, சில இடங்களில் வாசலுக்கு வெளியிலோ உட்கார வைக்கப்பட்டார்கள். 1920களில் எழுந்த யாழ்ப்பாண வாலிபர் காங்கிரஸ் இதைத் தன் போராட்டப் பட்டியலில் சேர்த்தது. ஹண்டி பேரின்பநாயகம் போன்ற இளம் ஆசிரியர்கள் சம ஆசனம், சம போசனம் என்று பேசினார்கள். 1929இல் நிதி பெறும் பள்ளிகள் எல்லாப் பிள்ளைகளையும் சமமாக உட்கார வைக்க வேண்டும் என்று அரசு உத்தரவிட்டது. அதைச் செய்த பள்ளிகள் பல அடுத்த ஆண்டில் கொளுத்தப்பட்டன. ஓலைக் கூரையும் மர பெஞ்சும்தான் எரிந்தவை. ஏழு வயதுப் பிள்ளைகள் இருவர் ஒரே பலகையில் உட்காருவதைத் தடுக்கப் பள்ளியையே எரிக்கத் துணிந்தார்கள் என்றால், வகுப்பறையில் யார் பக்கத்தில் யார் என்பது எவ்வளவு பெரிய விஷயம் என்று எரித்தவர்களுக்கு நன்றாகத் தெரிந்திருந்தது.

சுதந்திரத்துக்குப் பின் கேள்வி வேறு உருவில் வந்தது: பிள்ளைகள் அதிகம், அறைகள் குறைவு. 1953இல் முதலமைச்சர் ராஜாஜி கிராமப்புறத் தொடக்கப் பள்ளிகளை இரண்டு ஷிப்டாகப் பிரித்தார். ஒரு பாதிப் பிள்ளைகளுக்குக் காலையில் மூன்று மணி நேரம், மறு பாதிக்குப் பிற்பகலில் மூன்று மணி நேரம். அதே அறை, அதே ஆசிரியர், இரட்டிப்புப் பிள்ளைகள். மீதி நேரத்தில் பிள்ளை வீட்டுத் தொழிலைக் கற்கட்டும் என்ற பகுதிதான் நெருப்பு மூட்டியது. நகரத்துப் பிள்ளைக்கு முழு நாள், கிராமத்துப் பிள்ளைக்கு அரை நாள், அதிலும் அப்பன் தொழில் என்றால் அது குலக்கல்வி என்று பெரியாரும் திராவிட இயக்கத்தாரும் தெருவில் இறங்கினார்கள். 1954இல் காமராஜர் அரசு அதைக் கைவிட்டது. எண்ணிக்கையைச் சமாளிக்க வகுத்த திட்டம், பிறந்த இடத்திலேயே பிள்ளையை நிறுத்தும் திட்டமாகப் பார்க்கப்பட்டது. அந்தப் பார்வை சரியானதுதான்.

காமராஜர் காலத்தில் பள்ளிகள் சிற்றூர்களுக்குள் நுழைந்தன. மைலுக்கு ஒரு பள்ளி என்ற கனவு நிறைவேற ஓராசிரியர் பள்ளிகளே வழி. ஒரு கூடம், ஒரு வாத்தியார், ஐந்து வகுப்பு. கரும்பலகையைக் கோடு போட்டுப் பிரிப்பார்கள். ஒன்றாம் வகுப்பு கிழக்குச் சுவரைப் பார்த்து உட்காரும், மூன்றாம் வகுப்பு மேற்கைப் பார்க்கும். ஐந்தாம் வகுப்பில் நன்றாகப் படிக்கும் பிள்ளை சின்னவர்களுக்கு வாய்பாடு சொல்லித்தரும். பதிவேட்டில் அவர் சட்டாம்பிள்ளை இல்லை, வகுப்புத் தலைவர். 1987இல் நடைமுறைக்கு வந்த கரும்பலகைத் திட்டம், தொடக்கப் பள்ளிக்குக் குறைந்தது இரண்டு அறை, இரண்டு ஆசிரியர் என்று நாடு முழுமைக்கும் வரையறுத்தது. அப்போதும் இரண்டு ஆசிரியர்களுக்கு ஐந்து வகுப்பு. காகிதத்தில் வகுப்புகள் தனித்தனி. தரையில் பிள்ளைகள் ஒன்றாக.

இந்த முரணை நேராகப் பார்த்தது 2003இல் சென்னை மாநகராட்சி. ஆணையராக இருந்த எம். பி. விஜயகுமார், ஆந்திரத்தின் ரிஷிவேலியில் கிராமப் பள்ளிகளுக்காக உருவான முறையைத் தழுவி, 13 மாநகராட்சிப் பள்ளிகளில் செயல்வழிக் கற்றலைத் தொடங்கினார். 2007இல் அது மாநிலம் முழுக்கப் பரவியது. ஒன்று முதல் நான்கு வரை பிள்ளைகள் பாயில் வட்டமாக உட்கார்ந்தார்கள். ஆசிரியரும் தரையில். பாடம் அட்டைகளாகப் பிரிக்கப்பட்டு, கற்றல் ஏணியில் படம் படமாக வரிசைப்பட்டது. பிள்ளை தன் படியைத் தானே பார்த்து, தன் அட்டையைத் தானே எடுத்தது. ஆசிரியர் துணை முழுதும் வேண்டியவர்கள் ஒரு குழு, சக பிள்ளையின் துணையோடு போகிறவர்கள் ஒரு குழு, தானாகவே செய்கிறவர்கள் ஒரு குழு. அட்டை மாறினால் குழுவும் மாறும். சுவரின் அடியில் ஒவ்வொரு பிள்ளைக்கும் ஒரு கரும்பலகைத் துண்டு. தலைக்கு மேலே கம்பிப் பந்தலில் அவர்கள் வரைந்த படங்கள். நோய் வந்து பத்து நாள் வராத பிள்ளை, விட்ட அட்டையிலிருந்து தொடங்கியது. ஓலைச்சுவடிக் காலத்தில் இருந்த நகர்வு வேறு வடிவில் திரும்பியிருந்தது. இந்த முறை திண்ணைக்குள் எல்லாருக்கும் இடம் இருந்தது.

குறைகளும் இருந்தன. அட்டைகள் தொலைந்தன, கிழிந்தன. எந்தப் பிள்ளை எந்தப் படியில் என்று கண்காணிக்க முடியாமல் சில ஆசிரியர்கள் பழைய முறைக்கே போனார்கள். கையில் புத்தகமும் வீட்டுப்பாடமும் பார்க்காத பெற்றோர், படிப்பு நடக்கிறதா என்று கேட்டார்கள். மெல்ல மெல்ல அது தேய்ந்தது. தமிழ்நாட்டுக் கல்வி வரலாற்றில் இவ்வளவு துணிவான முயற்சிக்கு இன்னும் நீண்ட பொறுமை கிடைத்திருக்க வேண்டும்.

பிறகு கொரோனா. 2020 மார்ச்சில் மூடிய தொடக்கப் பள்ளிகள் 2021 நவம்பர் 1 அன்றுதான் திறந்தன. ஒன்றாம் வகுப்பில் பெயர் எழுதிய பிள்ளை, முதன்முதலாகப் பள்ளிக்குள் கால் வைத்தபோது இரண்டாம் வகுப்பில் இருந்தது. வகுப்பு எண் பொருளிழந்துபோன அந்த நிலையில் 2022 ஜூனில் எண்ணும் எழுத்தும் திட்டம் வந்தது. ஒன்று முதல் மூன்று வரையிலான பிள்ளைகளைத் தெரிந்த அளவை வைத்து அரும்பு, மொட்டு, மலர் என்று பிரித்துக் கற்பிக்கிறார்கள். மூன்றாம் வகுப்புப் பிள்ளை அரும்பில் இருக்கலாம். பெயர்கள் அழகானவை, யாரையும் தாழ்த்தாதவை. ஆனால் பிள்ளைகள் கூர்மையானவர்கள். ‘அவன் இன்னும் அரும்புதான்’ என்று சொல்ல எத்தனை நாள் ஆகும்? அரும்பில் இருக்கும் பிள்ளை பொங்கலுக்குள் மொட்டுக்குப் போகிறதா என்பதை ஆசிரியர் நின்று பார்க்க வேண்டும். செயலியில் தரவு ஏற்றவே நேரம் போகிறது என்று ஆசிரியர்கள் சொல்லும் குறை காதில் விழ வேண்டியதும் அதனால்தான்.

தெரிந்த அளவைக் கொண்டு பிரிப்பது பயன்தரக்கூடியதே. கென்யாவில் 121 தொடக்கப் பள்ளிகளில் நடந்த ஆய்வு ஒன்றில், முதல் வகுப்புப் பிள்ளைகளைத் தெரிந்த அளவின்படி இரு அறைகளாகப் பிரித்த பள்ளிகளில் கீழ்நிலைப் பிள்ளைகளும் கூடுதலாகக் கற்றிருந்தார்கள். ஆசிரியரால் அவர்கள் மட்டத்துக்கு இறங்கிப் பாடம் நடத்த முடிந்தது காரணம். ஆனால் பிரிப்பு இறுகினால் என்ன ஆகும் என்பதைத் தமிழர் நன்றாகவே அறிந்த சிங்கப்பூர் காட்டியது. 1979இல் வந்த கோ அறிக்கையைத் தொடர்ந்து தொடக்கப் பள்ளியிலேயே பிள்ளைகள் தரவாரியாகப் பிரிக்கப்பட்டார்கள். பின்னர் அது இஎம்1, இஎம்2, இஎம்3 என்று ஆனது. பத்து வயதில் இஎம்3 என்று முத்திரை விழுந்த பிள்ளை, அண்டை வீட்டுக்கும் உறவுக்கும் இஎம்3 ஆனது. 2002இல் ஜாக் நியோ அந்தப் பிள்ளைகளைப் பற்றியே ஒரு திரைப்படம் எடுத்தார், நாடே பேசியது. 2008இல் அந்தப் பிரிவுகள் முழுதாக எடுக்கப்பட்டு, பாடவாரியாக நிலை மாற்றும் முறை வந்தது. கணக்கில் மெதுவாகப் போகும் பிள்ளை தமிழில் வேகமாகப் போகலாம் என்பதை ஏற்றுக்கொள்ள அந்த அரசுக்கே ஏறக்குறைய முப்பது ஆண்டுகள் ஆயின.

தமிழ்நாட்டில் இன்றைய அளவுகோல்கள் பல. அரசுப் பள்ளிகளில் 2013 வாக்கில் பரவலான ஆங்கிலவழிப் பிரிவு, பல ஊர்களில் ஒரே கட்டிடத்தில் இரண்டு உலகங்களை உண்டாக்கியது. எந்தப் பிரிவுக்குப் பெற்றோர் ஆசை அதிகம், எந்தப் பிரிவில் எந்த வீட்டுப் பிள்ளைகள் தங்குகிறார்கள் என்று தலைமையாசிரியர்களுக்குத் தெரியும். 2009ஆம் ஆண்டுக் கல்வி உரிமைச் சட்டம் பிள்ளையை வயதுக்கேற்ற வகுப்பில் சேர்க்கச் சொல்கிறது. பின்தங்கியிருந்தால் தனிப் பயிற்சி தரச் சொல்கிறது. 30 பிள்ளைக்கு ஓர் ஆசிரியர் என்கிறது. தனியார் பள்ளிகளில் 25 விழுக்காடு இடத்தில் சேரும் ஏழைப் பிள்ளைகளை வகுப்பறையில் மற்றவர்களிடமிருந்து பிரித்து உட்கார வைக்கவோ வேறு இடத்தில், வேறு நேரத்தில் வகுப்பு நடத்தவோ கூடாது என்று அதன் மாதிரி விதிகள் வெளிப்படையாகச் சொல்கின்றன. அப்படி நடக்கும் என்று அஞ்சியதால்தான் அந்த விதியை எழுத வேண்டி வந்தது.

2023 ஆகஸ்டில் நாங்குநேரியில் ஒரு பள்ளி மாணவனையும் அவன் தங்கையையும் உடன் படித்தவர்களே வீடு புகுந்து வெட்டினார்கள். காரணம் சாதி. அதன் பின் அமைக்கப்பட்ட நீதிபதி சந்துரு குழு 2024 ஜூனில் அளித்த பரிந்துரைகளில் ஒன்று, மாணவர்களை அகர வரிசைப்படி உட்கார வைக்க வேண்டும் என்பது. பார்த்தால் சின்னக் காரியம். ஆனால் இரட்டைமலை சீனிவாசன் மணி அடிக்கும்வரை வெளியே காத்திருந்ததையும் யாழ்ப்பாணத்தில் எரிந்த பெஞ்சுகளையும் நினைத்துப் பார்ப்பவருக்கு, அந்தப் பரிந்துரை எவ்வளவு காலம் தாமதமாக வந்தது என்பது புரியும். பெயரின் முதல் எழுத்து யாரையும் உயர்த்துவதில்லை. தொடக்கப் பள்ளியில் இதை இன்னும் எளிதாகச் செய்யலாம்: மாதம் ஒருமுறை இடத்தை மாற்றலாம்.

கல்வி உரிமைச் சட்டத்தின்படி ஒவ்வொரு அரசுப் பள்ளியிலும் பள்ளி மேலாண்மைக் குழு இருக்கிறது. அதன் உறுப்பினர்களில் முக்கால்வாசி பெற்றோர். மொத்தத்தில் பாதிப் பேர் பெண்கள். கட்டிடம், கழிப்பறை, குடிநீர் பற்றியெல்லாம் அந்தக் கூட்டங்களில் பேசுகிறார்கள், பேச வேண்டியவையே. அடுத்த ஜூன் கூட்டத்தில் பெற்றோர் இன்னும் மூன்று கேள்விகளைக் கேட்க வேண்டும். ‘ஏ’ பிரிவையும் ‘பி’ பிரிவையும் எதை வைத்துப் பிரித்தீர்கள்? அரும்புக் குழுவில் இருக்கும் என் பிள்ளையை அடுத்து எப்போது சோதித்துப் பார்ப்பீர்கள்? கடைசி வரிசையில் எப்போதும் ஒரே தெருப் பிள்ளைகள் உட்கார்ந்திருக்கிறார்களா? பதில் வாயால் வந்தால் போதாது. தீர்மானப் பதிவேட்டில் எழுதச் சொல்லுங்கள்.